வெளிநாட்டினருக்கான வாடகைத்தாய் முறை: இந்தியச் சட்டத் தடையின் வரலாறு

வாடகைத்தாய் முறை என்பது, ஒரு தம்பதிக்காக வேறொரு பெண் கருவைச் சுமந்து குழந்தையைப் பெற்றுக் கொடுப்பதாகும். 2000களில் இதற்காக வெளிநாட்டினர் மிகுதியாக நாடிவந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 2015இல் அவர்களுக்கு இம்முறை தடைசெய்யப்பட்டது. பிறக்கும் குழந்தை யாருடையது, எந்த நாட்டுக்கு உரியது என்ற கேள்விக்கு விடை இல்லாமற்போனது இத்தடைக்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

தொடக்கம்

சென்னை நுங்கம்பாக்கத்தில் மருத்துவமனை நடத்திவந்த மருத்துவர் கமலா செல்வராஜ், 1990இல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கச் செய்தார். இந்தியாவில் வாடகைத்தாய் வழியான முதல் மகப்பேறும் 1994இல் சென்னையிலேயே நடந்ததாகக் குறிக்கப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆனால் அவற்றுக்குச் சட்ட வலிமை இல்லை.

இரு வழக்குகள்

2008 சூலையில் குசராத்தின் ஆனந்த் நகரில் ஒரு ஜப்பானியத் தம்பதிக்காகப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு முன்பே தம்பதியர் மணமுறிவு பெற்றிருந்தனர். கருமுட்டை மற்றொரு பெண்ணுடையது. ஆகவே தாய் எனச் சட்டப்படி எவரையும் குறிப்பிட இயலவில்லை, கடவுச்சீட்டும் கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில், தாயின் பெயர் இல்லாத அடையாளச் சான்றுடன் குழந்தை ஜப்பான் சென்றது.

அதே ஆண்டில் ஒரு செர்மானியத் தந்தைக்கு ஆனந்தில் இரட்டையர் பிறந்தனர். செர்மனி வாடகைத்தாய் முறையை ஏற்பதில்லை. ஈன்றவர் இந்தியர் என்பதால் குழந்தைகள் இந்தியக் குடிமக்களே என 2009இல் குசராத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் 2010இல்தான் நாட்டைவிட்டுச் செல்ல முடிந்தது.

படிப்படியான தடை

வணிக நோக்கிலான வாடகைத்தாய் முறையைத் தடைசெய்யுமாறு சட்ட ஆணையம் 2009இல் தனது 228ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2012 சூலையில் உள்துறை அமைச்சகம் நுழைவிசைவு விதிகளை இறுக்கியது. இதன்படி, மணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைந்த ஆண்–பெண் தம்பதியர் மட்டுமே மருத்துவ விசா பெற முடிந்தது. குழந்தையை ஏற்பதாகத் தம் நாட்டின் கடிதத்தையும் அளிக்கவேண்டியிருந்தது. குழந்தையுடன் நாடு திரும்பும் முன் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் அனுமதி தேவைப்பட்டது. சென்னையில் இவ்வலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ளது.

இவ்விதியால் விலக்கப்பட்டோர் சிலர் நேபாளத்தை நாடினர். அங்கும் இந்தியப் பெண்களே எல்லை கடந்து சென்று கருச் சுமந்தனர். நுழைவிசைவைக் கட்டுப்படுத்துவது மட்டும் அப்பெண்களுக்குப் பாதுகாப்பாகாது என்பதை இது காட்டியது. 2015 நவம்பரில் வெளிநாட்டினர் அனைவருக்கும் தடை விதிக்கப்பட்டது.

2021 சட்டம்

வாடகைத்தாய் முறை (ஒழுங்குமுறை) சட்டம் 2022 சனவரி 25 அன்று நடைமுறைக்கு வந்தது. வணிக நோக்கில் நடத்துவோருக்கு 10 ஆண்டுகள் வரை சிறையும் 10 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வாடகைத்தாய்க்கு மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் மட்டுமே வழங்கலாம். பிறக்கும் குழந்தை, அதை விரும்பிய தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். 2008இல் எழுந்த கேள்விக்கு இவ்வாறு விடை கிடைத்தது. எனினும் அது இந்தியருக்கும், வாரியத்தின் பரிந்துரை பெற்ற இந்திய வம்சாவளித் தம்பதியருக்கும் மட்டுமே பொருந்தும்.

இச்சட்டத்தின் பிரிவுகளை எதிர்த்துச் சென்னையைச் சேர்ந்த கருத்தரிப்புச் சிகிச்சை மருத்துவர் ஒருவர் 2022இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். சட்டம் வருமுன்பே கருவை உறையவைத்துவிட்ட தம்பதியருக்கு வயது வரம்பு பொருந்தாது என 2025 அக்டோபரில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.