அப்டேட்டுக்கு அப்புறம் கேம் ஏன் கோணலாகுது?

வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பசங்ககிட்ட நான் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது: “ராத்திரி சிஸ்டம் அப்டேட் போட்டேன். காலையில கேமைத் திறந்தா தரை கறுப்பா இருக்கு, மரமெல்லாம் ஊதாக் கலர்ல மின்னுது. டிஸ்ப்ளே போச்சா?”

பதிலுக்கு முன்னாடி, பழைய பாகூரை ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம். 9-ஆம் நூற்றாண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன், தன் 8-ஆம் ஆட்சியாண்டில் பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுக்கிறான். அதைச் சொல்லும் பாகூர்ச் செப்பேடுகளில் இரண்டு மொழிகள் உண்டு. சமஸ்கிருதப் பகுதி மன்னர் குலத்தைப் புகழுது. தமிழ்ப் பகுதி, உள்ளூர் நாட்டார் செய்யவேண்டிய வேலையைச் சொல்லுது. அந்தக் கால வழக்கப்படி அவங்க எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டாதான் தானம் நடைமுறைக்கு வரும். ஆணை போடுவது ஒருத்தர், அதைப் புரிஞ்சுக்கிட்டு நிலத்துல எல்லை போடுவது இன்னொருத்தர்.

உங்க போன்லயும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். “இங்கே ஒரு மரம், இந்த நிறம், இந்த நிழல்” என்று கேம் ஆணை போடும். திரைக்கான படத்தை வரைவது ஜிபியு என்கிற கிராபிக்ஸ் சிப். நடுவில் நின்று, கேம் சொல்வதைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிற மென்பொருளுக்குப் பேர் டிரைவர்.

1997-இல் நோக்கியா 6110-இல் வந்த ஸ்நேக் விளையாட்டுக்கு இந்தச் சிக்கலே இல்லை. போனும் கேமும் ஒரே கம்பெனியோடது. பல கம்பெனிகள் களத்தில் இறங்கினதும் ஒரு பொதுமொழி தேவைப்பட்டது. 2003-இல் குரோனோஸ் குழுமம் ‘ஓப்பன்ஜிஎல் ஈஎஸ்’ஸைக் கொண்டுவந்தது. 2016-இல் ‘வல்கன்’ வந்தது. அதே வருஷம் ஆண்ட்ராய்டு 7 அதையும் ஏத்துக்கிட்டது. மொழி பொதுதான். ஆனா அட்ரினோ, மாலி, பவர்விஆர் என்று ஒவ்வொரு சிப்புக்கும் டிரைவர் வேற வேற.

சிக்கல் இங்கேதான். ஒரு டிரைவர்ல சின்னக் குறை இருந்தா, கேம் எழுதுறவங்க அதைச் சமாளிக்க ஒரு குறுக்குவழி போட்டிருப்பாங்க. சிஸ்டம் அப்டேட்டோட டிரைவரும் மாறினா, அந்தக் குறுக்குவழியே கோளாறாகலாம். பழைய டிரைவருக்காகத் தயார் பண்ணி வெச்ச ஷேடர் கோப்புகளைக் கேம் தூக்கிப் போடாம விட்டாலும் நிறம் குழம்பும். சில சமயம் நம்ம கையில ஒண்ணுமே இருக்காது. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்தப்போ, பழைய 32-பிட் கேம்கள் ஒட்டுமொத்தமா நின்னுபோச்சு.

எனக்கு இந்தக் கதை முக்கியமாப் படுறதுக்குக் காரணம் காசு. நிறைய வீட்டுல பாடம் படிக்கவும், பணம் அனுப்பவும், விளையாடவும் இருக்கிறது ஒரே போன். அதுக்குத் தேவையில்லாம டிஸ்ப்ளே மாத்தினா, பெரிய செலவு.

அதனால முதல்ல, கோளாறு தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அதை வேற போன்ல பாருங்க. அதிலும் ஊதா மரம் இருந்தா, டிஸ்ப்ளே மேல பழி இல்லை. படம் வரையும்போதே தப்பாகியிருக்கு. ஸ்கிரீன்ஷாட் சுத்தமா இருந்து, உங்க திரையில மட்டும் எல்லா ஆப்பிலும் கோடு தெரிஞ்சா, அப்போ டிஸ்ப்ளேவைச் சந்தேகப்படலாம்.

ஒரு கேம்ல மட்டும் பிரச்சினைன்னா, போனை ரீஸ்டார்ட் பண்ணுங்க. கேமுக்கு அப்டேட் இருக்கான்னு பாருங்க. ‘கிளியர் கேஷ்’ கொடுங்க. ‘கிளியர் டேட்டா’ வேண்டாம். கெஸ்ட் அக்கவுண்ட்ல ஆடுறவங்களுக்கு இத்தனை நாள் ஆடினது மொத்தமும் போயிடலாம். கேம் செட்டிங்ஸ்ல கிராபிக்ஸைக் குறைச்சுப் பாருங்க. வல்கன், ஓப்பன்ஜிஎல் என்று தேர்வு இருந்தா மாத்திப் பாருங்க. அப்படியும் சரியாகலைன்னா, போன் மாடல், சிஸ்டம் பதிப்பு, அந்த ஸ்கிரீன்ஷாட் மூணையும் கேம் கம்பெனிக்கு அனுப்புங்க. நம்ம ஊர்ல ஓடுற பழைய மாடல்கள் அவங்க சோதனை மேசையில இல்லாம இருக்கலாம். நீங்க சொன்னாதான் தெரியும்.

இதுக்குப் பயந்து அப்டேட்டை நிறுத்திடாதீங்க. பாதுகாப்புத் திருத்தங்களும் அதுலதான் வருது. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!