கூலிப்பாதையிலிருந்து பாடத்திட்டத்திற்கு: கொடைக்கானல் பள்ளி மாணவரின் மலைநடை வரலாறு

அயல்நிலத்தில் பயிலும் மாணவரை அந்நிலத்தின் பண்பாட்டோடு பழக்குவதற்கான பயணங்கள் இன்று கல்வி நிறுவனங்களின் இயல்பான செயற்பாடாகிவிட்டன. பழனிமலைத் தொடரில் இவ்வழக்கத்தின் தொடக்கம் வேறு வகைப்பட்டது. 1901-ஆம் ஆண்டு கொடைக்கானலில் ஹைகிளார்க் பள்ளி நிறுவப்பட்டபோது, அமெரிக்க மறைப்பணியாளரின் பிள்ளைகளைத் தமிழ்ச் சூழலுக்குள் கொண்டுசெல்வது அதன் நோக்கமாக இருக்கவில்லை. அவர்களைப் பின்னாளில் அமெரிக்கக் கல்லூரிகளில் சேரத் தகுந்தவராக்குவதே நோக்கம். அதன் முதல் தலைமையாசிரியர் மார்கரெட் எடி, மறைப்பணியாளர் ஷெர்வுட் எடியின் தாயார் ஆவார். பிள்ளைகளுள் பலர் மதுரை, ஆற்காடு முதலிய பணித்தளங்களில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு எது அயல்நாடு என்பது எளிதில் விடைகூற இயலாத வினா.

பள்ளிக்கு அரை நூற்றாண்டு முன்பே மலைநகரம் உருவாகத் தொடங்கியிருந்தது. சமவெளி நோய்களுக்குத் தம் குடும்பத்தினரைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் 1845-இல் சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரு வீடுகளைக் கட்டினர். மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஏரியை உருவாக்கினார். இருப்புப்பாதை வந்தபின்னும் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கியோர் மாட்டுவண்டியில் மலையடிவாரத் தோப்பை அடைந்து, அங்கிருந்து நடந்தோ, மட்டக்குதிரையிலோ, ஆள்கள் தூக்கிய நாற்காலியிலோ மேலேற வேண்டியிருந்தது. வெள்ளையர் இவ்வழியைக் ‘கூலி காட்’ என வழங்கினர். பாதை தன் பெயரைச் சுமப்போரிடமிருந்து பெற்றது. சுமந்தோரின் பெயர்களோ பொதுவரலாற்றில் இடம்பெறவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் லாஸ் காட் சாலை பயன்பாட்டுக்கு வந்தபின் இப்பாதையின் தேவை குன்றியது.

தேவை குன்றிய இடத்தில் விருப்பநடை வளர்ந்தது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. ஒரு தலைமுறைக்குப் பிழைப்பாக இருந்த ஏற்றம் மற்றொரு தலைமுறைக்கு உடற்பயிற்சியாகவும் குணப்பயிற்சியாகவும் மாறியது. மலைநடை கொடைக்கானல் பள்ளியின் நீடித்த மரபாயிற்று. ஆனால் அந்நடையில் எது காணத்தக்கதாகக் கருதப்பட்டது? கோக்கர்ஸ் வாக், பில்லர் ராக்ஸ், டால்பின்ஸ் நோஸ், பாம்பே சோலை எனக் குடியேறியோர் இட்ட பெயர்களே இதற்கு ஓரளவு விடை தருகின்றன. இவை காட்சிக்கான பெயர்கள். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால், வில்பட்டி என்பன வாழ்வோரின் ஊர்ப்பெயர்கள். பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோயிலும், படிநில வேளாண்மையும், குன்னுவர், பளியர் முதலிய மக்களின் வாழ்வும் காட்சிமுனையிலிருந்து பார்ப்போருக்குப் புலப்படுபவை அல்ல.

இதற்கு மாறான ஒரு நடைமரபும் அதே மலையில் இருந்தது. செண்பகனூரில் 1895-இல் தோன்றிய இயேசு சபையினரின் திருஇருதயக் கல்லூரியும் வெளிநாட்டார் பலர் தங்கிப் பயின்ற இடமே. அதைச் சார்ந்த அருட்தந்தை ஆங்கலேட், நியூட்டனுடன் இணைந்து எழுதிய பழனிமலைக் கற்றிட்டைகள் பற்றிய ஆய்வு 1928-இல் இந்தியத் தொல்லியல் துறையின் நினைவேட்டு வரிசையில் வெளிவந்தது. மலைநடையை அளவெடுப்பாகவும் பதிவாகவும் மாற்றிய முயற்சி இது. தாண்டிக்குடிப் பகுதியின் பெருங்கற்கால எச்சங்களைப் பின்னர் ஆராய்ந்தோர்க்கும் இது முன்னோடி. எனினும் அதன் அக்கறை இறந்தோரின் கற்களில் நின்றது. அக்கற்களைச் சுற்றி வாழ்ந்தோர் அதன் பொருளாகவில்லை.

1970-களில் பள்ளியின் தன்மை மாறியது. மறைப்பணியாளர் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைய, இந்திய மாணவரும் பிற நாட்டினரும் மிகுதியாகச் சேர்ந்தனர். கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி என்னும் பெயரில் அது 1976-இல் பன்னாட்டுப் பட்டயப் படிப்பை இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கியது. வகுப்பறைக்கு வெளியிலான செயற்பாட்டையும் சமூகத் தொண்டையும் பட்டயத்தின் கூறாகக் கொள்ளும் படிப்பு அது. ஊர் இப்போது கடந்துசெல்லும் இடமாக மட்டும் இல்லாமல், கற்கும் இடமாகவும் பாடத்திட்டத்திற்குள் வந்தது. இம்மாற்றத்தைப் பள்ளியின் அறவுணர்ச்சிக்கு மட்டும் உரியதாக்குவது மிகை. சேர்க்கையும் பாடத்திட்டமும் அதைத் தேவையாக்கின.

கும்பக்கரையிலிருந்து வட்டக்கானலுக்கு ஏறும் ஒற்றையடிப்பாதையில் உள்ள வெள்ளகவி இச்சிக்கலைத் தெளிவாக்குகிறது. நெடுங்காலம் சாலையின்றி இருந்த அவ்வூருக்குள் செருப்பணிந்து நடப்பதில்லை என்பது ஊரார் வழக்கம். ஊரையே தெய்வ இடமாகக் கருதும் அவ்வழக்கத்தை மலையேறுவோரும் பின்பற்றுகின்றனர். விருந்தினர் காலணியைக் கழற்றுவது மதிப்பின் அடையாளம்தான். ஆனால் ஊராரின் சாலையின்மை நடப்போரின் இன்பத்திற்கு அடிப்படையாக அமைவதையும் ஆய்வாளர் ஒதுக்கிவிட முடியாது. நோயாளியைத் தூக்கி இறக்கும் பாதையும் மாணவர் மகிழ்ந்து ஏறும் பாதையும் ஒன்றே.

சார்லட் சாண்ட்லர் வைக்காஃபின் கொடைக்கானல் நூற்றாண்டு வரலாறும் (1945), நோரா மிட்செலின் புவியியல் ஆய்வும் (1972) மலைநகரின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் மையமாகக் கொண்டவை. அவற்றின் துணையோடு நடந்தோரின் வரலாற்றை எழுதலாம். தூக்கியோரின் வரலாற்றுக்கு அவை போதா. அதற்குப் பெரியகுளம், தோப்பு, வெள்ளகவி வட்டாரங்களின் வாய்மொழி நினைவுகள் தொகுக்கப்பட வேண்டும். சுமையேற்றத்தை நேரில் செய்த தலைமுறை மறைந்துவிட்டது. அவர்களிடம் கதை கேட்டு வளர்ந்த பேரர் தலைமுறையும் இன்று முதுமையில் இருக்கிறது.