பயாப்ஸி பாட்டிலில் இருக்கும் தண்ணீர்

பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடி ஜாடிக்குள் பாம்பும் தவளையும் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூடியைத் திறந்தால் கண் எரியும். அதுதான் ஃபார்மலின். புற்றுநோயா என்று பார்க்க எடுக்கும் சதைத் துண்டைப் போட்டு வைப்பதும் அதில்தான்.

ரத்த ஓட்டம் நின்றதுமே சதை கெடத் தொடங்கிவிடும். செல்லுக்குள் இருக்கும் நொதிகளே செல்லைக் கரைக்கும். அந்தக் கால மருத்துவர்கள் அதைச் சாராயத்தில் ஊற வைத்தார்கள். சதை சுருங்கி விறைத்துப்போனது. 1893இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபெர்டினாண்ட் பிளம் என்ற மருத்துவர், ஃபார்மலின் கிருமியைக் கொல்லுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். தன் விரல் தோல் கெட்டிப்பட்டிருப்பதைக் கவனித்தார். கையைக் கழுவிவிட்டுப் போகாமல் ஏன் என்று யோசித்தாரே, அதுதான் பெரிய விஷயம்! ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, செல்லை இருந்த நிலையிலேயே நிறுத்திவிடுகிறது.

நம் சென்னைக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். அப்போது ஃபார்மலினுக்கு வயது 30. மைக்ரோஸ்கோப் அதைவிடப் பழசு. இந்த நோய்க்கென்று ஓர் இடம்தான் இங்கே இல்லை. அந்தத் துயரத்திலிருந்து பிறந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. மறு வருடம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அதை விட்டுப் போகவில்லை.

முன்பெல்லாம் செல்லின் உருவத்தைப் பார்த்து நோயின் பெயரைச் சொன்னால் போதும். இப்போது மார்பகப் புற்றுநோய் என்றால் அந்தத் துண்டிலேயே ஹார்மோன் ஏற்பி இருக்கிறதா, ஹெர்-2 புரதம் மிகையா என்றும் பார்க்கிறார்கள். மருந்தே அதை வைத்துத்தான் முடிவாகிறது. ஆகவே எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் துண்டு ஃபார்மலினில் இறங்க வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊற வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கணக்குத் தவறினால் இருக்கும் ஏற்பி இல்லை என்று வரலாம். பலன் தரக்கூடிய மாத்திரை அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமலே போகும்.

மயிலாப்பூரில் எங்கள் தெருப் பெண்மணி ஒருவருக்கு இப்படி நடந்தது. ஒரு நர்சிங் ஹோமில் துண்டை எடுத்து, சலைனில் போட்டு, கணவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று சனிக்கிழமை மாலை, லேப் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தபோது துண்டு பரிசோதனைக்கு உதவாத நிலையில் இருந்தது. அந்த அம்மா மறுபடி ஊசி குத்திக்கொண்டார். சலைன் என்பது உப்புத் தண்ணீர், சதையைக் காக்காது.

உங்கள் கையில் பாட்டில் வந்தால் உள்ளே என்ன ஊற்றியிருக்கிறது என்று கேளுங்கள். துண்டைப்போல் குறைந்தது 10 மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். பெயர்ச்சீட்டு மூடியில் அல்ல, பாட்டிலில் ஒட்டியிருக்க வேண்டும், மூடிகள் மாறிப்போகும். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். (காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்ப்பது போன்ற சோதனைக்கு ஃபார்மலின் இல்லாமலே கேட்பார்கள்; அதை டாக்டர் சொல்வார்.)

லேபில் அந்தத் துண்டை மெழுகில் பதித்துக் கட்டியாக்குவார்கள். அந்த மெழுகுக் கட்டி பல வருடம் கெடாது. வேறு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால் அதைக் கேட்டு வாங்கிப் போகலாம். மறுபடி ஊசி வேண்டியிருக்காது.