காவல் மென்பொருளில் விழுந்த ஓட்டைகள்

1986இல் லாகூரில் எழுதப்பட்ட 'பிரெய்ன்' வைரஸ் ஃபிளாப்பிகள் வழியே உலகெங்கும் பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் ஆன்டிவைரஸ் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. சென்னையில் கே7 கம்ப்யூட்டிங் 1991இல் தொடங்கியது; புனேயில் குயிக் ஹீல் அதே பத்தாண்டில் உருவானது.

வேகம் கருதி இம்மென்பொருள்கள் பெரும்பாலும் சி, சி++ மொழிகளில் எழுதப்பட்டன. நினைவக எல்லையை அம்மொழிகள் தாமாகச் சரிபார்ப்பதில்லை. ஆன்டிவைரஸோ ஊர்பேர் தெரியாத கோப்புகளையெல்லாம், கணினியின் உயர்ந்த அதிகாரத்துடன் பிரித்துப் படிக்கிறது. சிறு பிழையும் பெருங்கேடாவது இதனால்தான்.

2014இல் கே7-இன் இரண்டு டிரைவர்களில் (இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இயங்கும் நிரல்களில்), ஒதுக்கிய நினைவக எல்லையைத் தாண்டித் தரவு எழுதப்படும் பஃபர் ஓவர்ஃப்ளோ பிழைகள் வெளிவந்தன. திரித்த தரவை டிரைவருக்கு அனுப்பி, சாதாரணப் பயனரும் கெர்னல் அதிகாரத்தைப் பெற அவை இடமளித்தன. திருத்திய பதிப்புகள் வந்தன. 2017இல் குயிக் ஹீலின் மேக் பதிப்பில் இன்னொரு பிழை பதிவானது. மேக் கணினியின் நிரல்கள் அமையும் மேக்-ஓ வகைக் கோப்பில், ஒரு கட்டளையின் நீளத்தை அக்கோப்பே ஓர் எண்ணாகச் சொல்லும். அந்த எண்ணைத் திரித்தால், ஸ்கேன் செய்யும்போதே ஸ்டேக் நினைவகம் நிரம்பி வழிந்தது.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் டேவிஸ் ஆர்மண்டி 2016இல் சைமன்டெக்கிலும், 2017இல் மைக்ரோசாஃப்டின் ஸ்கேன் எஞ்சினிலும் இத்தகைய ஓட்டைகளைக் கண்டறிந்தார். 2018இல் மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டர், அதிகாரம் குறைக்கப்பட்ட தனி அடைப்புக்குள் இயங்கும் வசதியைப் பெற்றது. பிழை நேர்ந்தாலும் சேதம் அந்த அடைப்பைத் தாண்டாதபடி தடுப்பதே அதன் நோக்கம்.