ஜூஜூவாடியில் எழுதப்பட்ட கணக்கு

பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழையும் தென்பெண்ணை முதலில் தேங்குவது கெலவரப்பள்ளி அணையில். மதகைத் திறந்தால் வெள்ளை நுரை பொங்கி வருவதை ஓசூர் வட்டார மக்கள் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். அணையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, தேசிய நெடுஞ்சாலையில் மாநில எல்லைச் சோதனைச்சாவடியான ஜூஜூவாடி. அங்கே பல ஆண்டுகள் லாரி நின்றாக வேண்டியிருந்தது. வண்டி எண், சரக்கு, எடை, போகும் ஊர் எல்லாம் பதிவாக வேண்டியிருந்தது. ஆற்றோடு வந்த ரசாயனம் எந்தச் சாவடியிலும் நின்றதில்லை. எதைக் கணக்கில் எழுதுவது, எதை விட்டுவிடுவது என்று இந்த எல்லை எடுத்துவரும் முடிவுகளுக்கு நூற்றிருபது வயதுக்கு மேல் ஆகிறது. ஃபாஸ்டேக், ஜி.பி.எஸ்., செயலியோடு பேசும் ஸ்கூட்டர் என்று இன்று ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் டீக்கடைகளில் நடக்கும் விவாதங்கள் எல்லாம் அந்தப் பழைய கணக்கின் தொடர்ச்சிதான்.

தொடக்கம் ஒரு நோய். 1896-ல் பம்பாயில் பரவிய பிளேக், 1898 ஆகஸ்டில் பெங்களூருக்கு வந்தது. ஓசூர் அப்போது சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக்கு அப்பால் மைசூர் சமஸ்தானம். 1897-ல் இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டம் அரசின் கையில் இருந்தது. நோய் கண்ட பகுதியிலிருந்து வருகிறவர்களுக்குச் சென்னை மாகாணம் ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்ற சீட்டைக் கொடுத்தது. பெயர், ஊர், தங்கப்போகும் இடம் எல்லாம் அதில் இருக்கும். போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் அதிகாரியின் முன் நின்று உடம்பைக் காட்ட வேண்டும். பயணியின் விவரம் பயணிக்கு முன்பே அந்த ஊர் அதிகாரிக்குப் போய்விடும். கணினி என்ற சொல்லே இல்லாத காலத்தில், ஒரு மனிதன் எங்கிருந்து எங்கே போகிறான் என்பதை அரசு தாளிலேயே பின்தொடர்ந்தது. நோயைத் தடுக்க வேண்டிய தேவை உண்மையானது. சீட்டை வாங்கியவர்களின் வெறுப்பும் உண்மையானது.

அடுத்த கணக்கை எழுதவைத்தவர் கெலவரப்பள்ளிக்குப் பக்கத்து ஊர்க்காரர். தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கை முதன்முதலாகத் தன் சொந்த சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். ஓசூரும் அதில் அடக்கம். சாலையில் ஒரு பக்கம் மதுவிலக்கு, மறுபக்கம் மைசூர். எல்லையில் வண்டியை நிறுத்திச் சோதிப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. மதுவால் வந்த வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் அவர் கொண்டுவந்த பொது விற்பனை வரிச் சட்டம், இந்தியாவில் அந்த வகையில் முதல் சட்டம். சரக்கு எல்லையைத் தாண்டினால் வரியும் தாண்டிப் போய்விடும் என்ற கவலை அதோடு சேர்ந்தே பிறந்தது. பிற்காலச் சோதனைச்சாவடிகளில் அடுக்கடுக்காக வைத்திருந்த பேரேடுகளின் வேர் அந்தக் கவலையில் இருக்கிறது.

தொழிற்பேட்டைகளை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட் 1971-ல் தொடங்கப்பட்டது. அது முதலில் தொழிற்பேட்டை அமைத்த இடங்களில் ஓசூரும் ஒன்று. கேழ்வரகும் துவரையும் விளைந்த மேட்டு நிலத்தில் ஆலைகள் எழுந்தன. 1980-ல் அசோக் லேலண்ட் இங்கே லாரி செய்ய ஆரம்பித்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. லாரியும் மொபெட்டும் ஒரே ஊரில் பிறந்து ஒரே சாலையில் ஓடின. ஆனால் அரசின் கண் ஓயாமல் லாரியின் மேலேயே இருந்தது, வரி அதில்தானே ஏறிப்போகிறது!

அந்தக் காலத்து ஜூஜூவாடியை நெடுந்தூர ஓட்டுநர்கள் மறக்க மாட்டார்கள். வணிக வரிக்கு ஒரு சாவடி, வட்டாரப் போக்குவரத்துக்கு ஒரு சாவடி. பில், டிரிப் ஷீட், பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், ஆர்.சி. புக் என்று ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கிளீனர் ஓடுவார். வரிசை நகரும்வரை ஓட்டுநருக்கு ஸ்டீயரிங்கின் மேல்தான் தூக்கம். அங்கே இழந்த மணி நேரத்தைச் சாலையில் பிடித்தாக வேண்டும், ஏனென்றால் கூலி டிரிப்புக்குத்தான், காத்திருந்ததற்கு இல்லை. சாவடியின் தாமதம் கிருஷ்ணகிரி தாண்டிய சாலையில் வேகமாக மாறியது. போக்குவரத்துச் சோதனைச்சாவடியில் லஞ்ச ஒழிப்புத் துறையினர் திடீர்ச் சோதனை நடத்திக் கணக்கில் வராத பணத்தை எடுத்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் எழுதிவைக்கக் கட்டிய இடத்தில் எழுதாத ஒரு கணக்கும் ஓடியது.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிக வரிச் சாவடி எழுந்துபோனது. லாரிக்காரர்கள் மகிழ்ந்ததில் நியாயம் இருந்தது. சாவடிதான் போனதே தவிர, எழுதுவது நிற்கவில்லை. 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்டினால் இ-வே பில் கட்டாயம். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் கட்டாயம். இல்லாதவருக்கு அப்போது இரட்டைக் கட்டணம். கண்ணாடியில் ஒட்டிய சிறு பட்டையை ரேடியோ அலை படிக்கிறது, கணக்கிலிருந்து பணம் போகிறது, எந்த டோல்கேட்டை எத்தனை மணிக்கு வண்டி தாண்டியது என்ற தகவல் குறுஞ்செய்தியாகப் போய்விடுகிறது. அது போவது பெரும்பாலும் ஓட்டுநரின் போனுக்கல்ல, நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ இருக்கும் உரிமையாளரின் போனுக்கு.

இதில்தான் கருத்து இரண்டாகப் பிரிகிறது. வண்டி திருடுபோகாது, டீசல் கணக்கு சரியாக இருக்கும், அவசரத்துக்கு உதவி அனுப்பலாம் என்பது உரிமையாளர் பக்கம். சாப்பிட நிறுத்தினாலும் போன் வருகிறது, கண் சொருகும்போது ஓரங்கட்ட முடியவில்லை என்பது ஓட்டுநர் பக்கம். இரண்டையும் ஒரே எடையில் வைத்துப் பேசுவது வழக்கம். ஆனால் தூக்கத்தோடு ஓட்டுகிறவருடைய உயிர் மட்டும் அதில் பணயம் இல்லை, எதிரே வருகிறவர்களின் உயிரும் இருக்கிறது. அதனால் ஓட்டுநரின் பக்கத்துக்குக் கூடுதல் எடை உண்டு. இதே நெடுஞ்சாலையில், தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விட்டு, பிரேக் பிடிக்காமல் போன லாரிகள் எத்தனையோ குடும்பங்களை அழித்திருக்கின்றன. வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லும் கருவி நிறைய இருக்கிறது. ஓட்டுகிறவர் எத்தனை மணி நேரம் தூங்கவில்லை என்று கேட்பவர் யாரும் இல்லை.

உயிருக்கான கணக்கு எவ்வளவு பிந்தி வந்தது என்று பார்த்தால் மனம் கசக்கிறது. விபத்து நடந்த இடம், நேரம், சாலையின் வளைவு, வண்டியின் நிலை ஆகியவற்றைப் போலீஸார் சம்பவ இடத்திலேயே செயலியில் பதிவுசெய்யும் ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம், சென்னை ஐ.ஐ.டி.யின் உதவியோடு உருவானது. முதலில் எடுத்துக்கொண்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. பயன்பாட்டுக்கு வந்தது 2021-ல். சரக்குக்கு வரி எழுத ஆரம்பித்தது 1939. இடையே எண்பது ஆண்டுகளுக்கு மேல். 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள்.

இரு சக்கர வாகனம் என்றால் மறுபடி ஓசூர்தான். டி.வி.எஸ். 50-க்கு இரண்டு பேரும் ஒரு மூட்டையும் ஏறினால் போதும், வேறெதுவும் தெரியாது. ஓட்டியவர் யார், எங்கே போனார், எவ்வளவு வேகம் என்று அதனிடம் கேட்க முடியாது. இவ்வளவுக்கும் அதைச் செய்த டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன், லாரிகளுக்கு பிரேக் செய்வதற்காக 1962-ல் தொடங்கிய நிறுவனம். தலைக்கவசம் 1988 மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருந்தது. தமிழ்நாட்டில் அது சாலையில் கண்ணுக்குத் தெரிந்தது, உயர் நீதிமன்றம் 2015 ஜூலை 1 முதல் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்ன பிறகு. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா பைக்குகளிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது 2019 ஏப்ரலில். பாதுகாப்பு ஒவ்வொரு முறையும் சாவுகளுக்குப் பின்னால்தான் வந்திருக்கிறது.

ஆனால் வண்டிக்கு நினைவாற்றல் விரைவாக வந்துவிட்டது. 2018 பிப்ரவரியில் டி.வி.எஸ். கொண்டுவந்த என்டார்க் ஸ்கூட்டர் ப்ளூடூத் வழியாகப் போனோடு இணைந்தது. போன வேகத்தைக் குறித்துவைத்தது, கடைசியாக நிறுத்திய இடத்தைக் காட்டியது. 2021-ல் ஏதர் ஓசூரில் ஆலை திறந்தது. அதே ஆண்டு கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலாவின் ஆலை வந்தது. இந்த மின்சார ஸ்கூட்டர்களில் மென்பொருள் காற்றிலேயே வந்து மாறுகிறது. நேற்றுவரை ஓடிய விதம் இன்று மாறலாம்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஒரு மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே சமயத்தில் புனேயில் ஓலா ஸ்கூட்டர் ஒன்று சாலையோரம் எரிந்தது. ஏப்ரலில் அந்த நிறுவனம் 1,441 வண்டிகளைச் சோதனைக்குத் திரும்பப் பெற்றது. அந்த டிசம்பரிலிருந்து இரண்டு கட்டமாக பேட்டரி விதிகள் கடுமையாயின. மின்சார வண்டியே வேண்டாம் என்று ஊரில் ஒரு பேச்சு அப்போது கிளம்பியது. பெட்ரோல் வண்டிகளும் எரிகின்றன என்ற பதில் சரியானதுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: பேட்டரியின் சூட்டையும் ஓட்டத்தையும் நொடிக்கு நொடி வண்டி அறிந்திருந்தால், அந்த அறிவு முதலில் யாரைக் காப்பாற்றப் பயன்பட வேண்டும்?

இப்படிச் சேரும் விவரங்களை அரசே விலைக்கு விற்ற கதை ஒன்று உண்டு. ஓசூரில் டி.என். 70 என்று பலகை மாட்டும் ஒவ்வொரு வண்டியின் விவரமும் வாகன் என்ற தேசியத் தரவுத்தளத்துக்குப் போகிறது. ஓட்டுநர் உரிமங்களுக்கு சாரதி. 2019-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றை மொத்தமாகப் பகிரும் கொள்கையை வெளியிட்டது. வணிக நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அந்த ஜூலையில் அமைச்சர் நிதின் கட்கரி நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, அதுவரை 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் தரவு கொடுக்கப்பட்டிருந்தது; கிடைத்தது சுமார் 65 கோடி ரூபாய். வண்டி வாங்கியவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அந்தரங்கம் பாதிக்கப்படும் என்று சொல்லி 2020 ஜூனில் அமைச்சகமே கொள்கையைக் கைவிட்டது. வாங்கிப்போனவர்களிடமிருந்து விவரங்களை எப்படித் திரும்ப வாங்குவது?

அதே 2020-ல் எல்லை மறுபடி 1898-க்குப் போய்வந்தது. கொரோனாவுக்காக அரசுகள் கையிலெடுத்ததும் அதே 1897 சட்டம்தான். ஏப்ரல் இறுதியில் வெளியான பட்டியலில் தமிழ்நாட்டின் ஒரே பச்சை மண்டலம், ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம். ஆனால் ஓசூரில் குடியிருந்து அத்திப்பள்ளிக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு நடுவில் மாநில எல்லை. இ-பாஸ் இல்லாமல் ஜூஜூவாடியைத் தாண்ட முடியவில்லை. பெயர், வண்டி எண், போகும் காரணம், ஆதார் என்று எல்லாம் மறுபடி எழுதப்பட்டன, இம்முறை இணையத்தில்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற தீர்ப்பும் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் கிளம்பியது. ஆதாரை எதிர்த்து 2012-ல், தன் 86-ஆம் வயதில், உச்ச நீதிமன்றம் போனவர் பெங்களூரில் வாழ்ந்த கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்க உரிமையை ஏற்றார்கள். 2024 அக்டோபரில் அவர் காலமானார். 2023-ல் இயற்றப்பட்ட எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விதிகள் வெளியானது 2025 நவம்பரில். முக்கியப் பிரிவுகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் அமலுக்கு வரும். அதன் பிறகு ஓசூரில் ஒரு ஸ்கூட்டர்காரர், தன்னைப் பற்றி என்ன சேர்த்துவைத்திருக்கிறீர்கள் என்று நிறுவனத்திடம் உரிமையோடு கேட்கலாம். அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. டோல்கேட்டும் சோதனைச்சாவடியும் சேர்த்துவைத்த கணக்கை லாரி ஓட்டுநர் கேட்டால் பதில் கிடைக்குமா என்பது அந்தப் பிரிவை எப்படிப் பயன்படுத்தப்போகிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது.