வன்தட்டைத் தொடாமல்: க்னாப்பிக்ஸ் நினைவுகள்

2004-ஆம் ஆண்டு. நாங்கள் ஆய்வு மாணவர்களாக இருந்த காலம். துறையில் இருந்த ஒரே கணினி ஒருநாள் காலையில் இயங்க மறுத்தது. கருந்திரையில் ஒரு பிழைச்செய்தி; அதற்குமேல் அசைவில்லை. நண்பர் ஒருவருடைய ஆய்வேட்டின் மூன்று இயல்கள் அதற்குள் கிடந்தன. வேறு படி எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை. பழுதுபார்க்க வந்தவர் வன்தட்டை ஃபார்மட் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். கணினி சரியாகிவிடும்தான். இயல்கள்?

மாலையில் இயற்பியல் துறை ஆசிரியர் ஒருவர் குறுந்தகடு ஒன்றைக் கொண்டுவந்தார். அதை உள்ளே இட்டு, கணினி முதலில் குறுந்தகட்டைப் படிக்குமாறு பயாஸ் அமைப்பை மாற்றினார். திரையில் வரிகள் ஓடின. சில நிமிடங்களில், இறந்துவிட்டதாக நாங்கள் நினைத்த இயந்திரத்தில் முழுமையான மேசைத்தளம் ஒன்று விரிந்தது. வன்தட்டு அதில் ஒரு சிறு படமாகத் தெரிந்தது. சொடுக்கினால் கோப்புகள் அப்படியே இருந்தன. ஆய்வேட்டைத் திறந்தபோது மட்டும் நெஞ்சு ஒருகணம் நின்றுபோயிற்று. தமிழ் இல்லை, பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறிகளுமே இருந்தன. அது யூனிகோடு பரவாத காலம். அந்த எழுத்துரு குறுந்தகட்டில் இல்லை, அவ்வளவுதான். 128 எம்.பி. பென்டிரைவ் ஒன்றில் படியெடுத்து, மறுநாள் வேறொரு கணினியில் திறந்தோம். மூன்று இயல்களும் ஒற்றுப் பிழைகள் உட்பட மீண்டிருந்தன.

அந்தக் குறுந்தகட்டின் பெயர் க்னாப்பிக்ஸ். அதன் வரலாறு இலக்கிய வாசகர்களும் அறிந்துகொள்ளத்தக்கது என்பதால் இதை எழுதுகிறோம்.

குறுந்தகட்டிலிருந்தே இயங்குதளத்தை இயக்குவது க்னாப்பிக்ஸோடு பிறந்த எண்ணம் அன்று. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் கருவகத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டே கலிபோர்னியாவிலிருந்து இக்ட்ராசில் என்ற லினக்ஸ் வழங்கல் குறுந்தகட்டில் வந்தது. வடஐரோப்பியத் தொன்மத்தில் உலகைத் தாங்கும் மரத்தின் பெயர் அது. ஆயினும் அக்காலக் கணினிகளுக்குக் குறுந்தகட்டிலிருந்து நேரடியாக எழத் தெரியாது. நெகிழ்தட்டு ஒன்று தூக்கிவிட வேண்டும். அந்தத் தடையை நீக்கியது 1995-இல் ஐ.பி.எம்., ஃபீனிக்ஸ் நிறுவனங்கள் வகுத்த எல் டொரிடோ என்னும் நெறிமுறை. ஒரு மெக்சிகோ உணவகத்தின் பெயரை அதற்கு இட்டதாகச் சொல்வார்கள்.

வழி திறந்த பின்னும் பயணம் எளிதாக இல்லை. குறுந்தகட்டின் கொள்ளளவு 700 எம்.பி. அதில் எழுத முடியாது. படிக்கும் வேகமும் வன்தட்டைவிட மிகக் குறைவு. எனவே பழுதுநீக்கும் கருவிகள் சிலவற்றை மட்டும் ஏற்றித் தருவதே வழக்கமாக இருந்தது. 1999 அளவில் லினக்ஸ்கேர் நிறுவனம் முகவரி அட்டை அளவே உள்ள குறுந்தகடுகளை அப்படித்தான் வழங்கியது.

ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் க்னாப்பர் மின்பொறியியல் படித்தவர். இத்தகைய தகடுகள் எவ்வாறு இயங்குகின்றன என்று அறியும் ஆவலில் தொடங்கியதுதான் அவருடைய முயற்சி. செல்லுமிடமெல்லாம் மடிக்கணினியைச் சுமக்காமல், தமக்குப் பழகிய கருவிகளை ஒரு தகட்டில் கொண்டுபோய் எந்தக் கணினியிலும் இயக்கலாமே என்பது அடுத்த எண்ணம். டெபியன் வழங்கலை அடித்தளமாகக் கொண்டார். தம் பெயரையும் யூனிக்ஸையும் நினைவூட்டும்படி பெயரிட்டு, 2000-ஆம் ஆண்டில் முதற்பதிப்பை வெளியிட்டார்.

இதில் இரண்டு நுட்பங்கள் உயிர்நாடி. முதலாவது சுருக்கம். ரஸ்டி ரஸல் முன்னரே எழுதியிருந்த குளூப் என்னும் நிரலைக் க்னாப்பர் மேம்படுத்தினார். மொத்தக் கோப்புகளும் சிறுசிறு கட்டங்களாகச் சுருக்கப்பட்டுத் தகட்டில் இருக்கும். கேட்ட கட்டம் மட்டும் அந்தக் கணத்தில் விரியும். இவ்வாறு ஏறத்தாழ 2 ஜி.பி. மென்பொருள் 700 எம்.பி.க்குள் அடங்கியது. இரண்டாவது, வன்பொருளைத் தானே இனங்காணுதல். எந்தத் திரை, எந்த ஒலியட்டை, எந்த வலையட்டை என்று கேள்வி கேட்டுப் பயனரைத் திணறடிக்காமல், தானே கண்டறிந்து தன்னை அமைத்துக்கொண்டது. எழுத வேண்டியவை நினைவகத்தில் எழுதப்பட்டன; மின்சாரத்தை நிறுத்தினால் மறைந்தன. 2005-இல் வந்த 3.8 பதிப்பு யூனியன் எஃப்.எஸ். வழியாகத் தகட்டின் மீது மெய்நிகர் எழுதுதளம் ஒன்றைப் படரவிட்டது. அதன்பின் மாற்ற முடியாத தகட்டிலும் புதிய மென்பொருளை அமர்வு முடியும்வரை நிறுவிக்கொள்ள முடிந்தது.

ஆனால் க்னாப்பிக்ஸின் வரலாற்றுப் பெருமை இந்த நுட்பங்களில் மட்டும் இல்லை என்பது எம் துணிபு. அது அகற்றியது ஓர் அச்சத்தை. அந்நாளில் லினக்ஸை நிறுவுவதென்றால் வன்தட்டைப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டளை பிசகினால் உள்ளவை எல்லாம் போகும். கணினி வீட்டுக்கு ஒன்றோ துறைக்கு ஒன்றோ இருந்த நம்மைப் போன்றோருக்கு அது இயலாத துணிச்சல். கட்டற்ற மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், படியெடுக்கலாம், திருத்தலாம் என்ற உரிமை ஏட்டில் இருந்தது. ஆயினும் இழப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்கே அது கைக்கெட்டியது. இழக்காமலே பார்க்கலாம், பிடிக்கவில்லையெனில் தகட்டை எடுத்துவிடலாம் என்ற நிலை வந்தபோதுதான் அந்த உரிமை எளியவர் கைக்கும் வந்தது.

பின்வந்தவை இதன் வழிவந்தவையே. 2004 அக்டோபரில் தோன்றிய உபுண்டு, கேட்டவர்க்கெல்லாம் குறுந்தகடுகளை அஞ்சலில் இலவசமாக அனுப்பியது. அத்திட்டம் 2011-இல் நின்றது. 2006-இல் வந்த அதன் 6.06 பதிப்பில், இயக்கிப் பார்க்கும் தகடும் நிறுவும் தகடும் ஒன்றாயின. 2007-இல் சென்னை சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கான ஆதரவோடு பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2009-இல் அம்னீசியா என்ற பெயரில் தொடங்கி இன்று டெய்ல்ஸ் எனப்படும் வழங்கல், தடயம் விடாமையையே தன் நோக்கமாக ஆக்கிக்கொண்டது. அணைத்தால் மறந்துவிடும் என்பது முன்னர் ஒரு குறை. கண்காணிப்புக்கு அஞ்சும் செய்தியாளருக்கு அதுவே காவலானது. க்னாப்பரும் பார்வைக் குறைபாடுடைய தம் துணைவியாரின் பெயரால் அட்ரியான் என்ற பேசும் இடைமுகத்தைத் தம் தகட்டில் சேர்த்தார். திரையே இல்லாமலும் கணினியைக் கையாளலாம் என்பது அதன் பயன்.

இன்றைய மடிக்கணினிகளில் குறுந்தகடு செருகும் இடமே அரிதாகிவிட்டது. அந்தப் பணியைப் பென்டிரைவ் செய்கிறது. ஊடகம் மாறினாலும் முறை மாறவில்லை. எந்தப் பெரிய வழங்கலையும் இன்று நிறுவும் முன் இயக்கிப் பார்க்கிறோம். அது இயல்பான ஒன்றாகிவிட்டதால் ஒருகாலத்தில் அது புதுமை என்பதையும் மறந்துவிட்டோம்.

நண்பரின் ஆய்வேடு அடுத்த ஆண்டு பட்டத்திற்கு ஏற்கப்பட்டது. நன்றியுரையில் நெறியாளர், பெற்றோர், நூலகர் ஆகியோரை வரிசையாகக் குறித்திருந்தார். அந்தக் குறுந்தகட்டைக் குறிக்கவில்லை. கேட்டபோது, அப்போது தோன்றவில்லையே என்று வருந்தினார். விடுபட்ட அந்த ஒரு வரியை இருபதாண்டுகளுக்குப் பின் இங்கே எழுதிச் சேர்க்கிறோம்.