மனைக்கட்டு இல்லாதவர்கள்

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பெருமை பேசாத மேடை நம் ஊரில் இல்லை. பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், குடவோலை போட்டுச் சபைக்கு ஆள் பொறுக்கிய முறை அதில் வெட்டியிருக்கிறது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓலையில் பேர் ஏறுவதற்கு என்ன தகுதி கேட்டார்கள்? இறை கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். குடியிருக்கும் வீடு சொந்த மனையில் இருக்க வேண்டும். படிப்பு, வயசு எல்லாம் அதற்கப்புறம்.

அந்தச் 'சொந்த மனை'யில்தான் என் மனசு நின்றுவிட்டது. ஏறக்குறைய ஆயிரம் வருஷம் கழித்து, இந்தச் செங்கல்பட்டுச் சீமையிலிருந்து மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் கப்பல் ஏறினார்களே, அவர்களில் ஏராளமான பேருக்கு இல்லாமல் போனதும் அதுவேதான்.

பஞ்சம் துரத்தியது என்று சரித்திரப் புஸ்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடும். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் ஜனங்களை வாரிக்கொண்டு போனது வாஸ்தவம். ஆனால் நேட்டாலுக்கு முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையில் பாய் விரித்தது 1860-லேயே. தவிர, மழை பொய்த்தால் ஊர் முழுவதற்குந்தான் பொய்க்கிறது; மிராசுதாரர் கப்பல் ஏறவில்லையே! ஆள் பிடிக்க வந்தவன் பொய் சொல்லிக் கூட்டிப்போனான் என்பதும் நிஜமே. அந்தப் பொய் மிராசுதாரர் வீட்டுத் திண்ணையில் ஏன் எடுபடவில்லை?

படியாளின் நிலைமை அப்படி. அடிமைத்தனத்தைக் கோர்ட்டுகள் ஏற்கக்கூடாது என்று 1843-லேயே சட்டம் வந்துவிட்டது. குடிசை நின்ற நத்தமோ மிராசுதாரரின் பாத்தியதை. கூலி போதவில்லை என்று வாய் திறந்தாலும், தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து கொடுத்தாலும், குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹியர் 1891-ல் சேரி ஜனங்களைப் பற்றிச் சர்க்காருக்கு எழுதிய குறிப்பில் இந்த விவகாரத்தைப் பிட்டுப்பிட்டு வைத்திருக்கிறார். அவர்களுக்கு மனையும் நிலமும் கிடைக்க வழி செய்யவேண்டும் என்பது அவர் கட்சி. அடுத்த வருஷம் தரிசு நிலம் ஒதுக்க உத்தரவும் பிறந்தது.

நேட்டாலில் ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங்கும் அரிசிப் படியும். பத்து வருஷம் இருந்தால் திரும்பிவர இலவசக் கப்பல். அது வேண்டாமென்றால் அதற்கு ஈடாக நிலம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. ஏரிக்கரைத் தரிசில் ஒரு துண்டு கேட்க முடியாதவனுக்குச் சமுத்திரத்துக்கு அப்பால் நிலம்! நிலம் பெற்றவர்கள் சொற்பமே. அந்தப் பிரிவையும் டிரெமென்ஹியர் எழுதிய அதே 1891-ல் எடுத்துவிட்டார்கள். 1895-ல் போட்ட சட்டத்தில், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே இருக்க விரும்பினால் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி. 1913-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்த பிறகுதான், 1914-ல் அது ஒழிந்தது.

கப்பல் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள மச்சம் தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். செங்கல்பட்டு என்ற பெயர் அடிக்கடி வருகிறது. அதைப் பிரதி எடுத்துக்கொண்டு இன்றைக்கும் அங்கிருந்து சிலர் பாட்டன் ஊரைத் தேடி வருகிறார்கள். ஊர் அகப்பட்டுவிடுகிறது. எந்த வீடு என்று அவர்கள் கேட்கும்போதுதான் கை நீட்டிக் காட்ட ஒரு மனை இல்லை.